ஆக்ஷேபம் இல்லை

விதி தெளிவாகவே இருந்தது. பாசனச் சானலில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், அதில் பாயும் வயல்களின் உடைமைக்காரர்களைக் கூட்டி, எந்த மடை முதலில், எத்தனை நாள் என்ற முறையை அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் அதை வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ தெரிவிக்கலாம். தெரிவித்த ஆட்சேபத்தைக் கூட்டத்திலேயே வாசித்து, குறிப்புப் புத்தகத்தில் பதிந்து, முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ. இரண்டு ஓகாரங்கள். இரண்டாவது ஓகாரத்தை நம்பித்தான் 1950 புரட்டாசியில் நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, தோவாளைப் பக்கம் எங்கள் ஊர் மிடில் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தேன். தோவாளை அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, சர்க்கார் மொழி மலையாளம். நாற்பது பையன்களுக்கு முன் நாள் முழுவதும் பேசுவேன். ஆனால் அதே அறையில் நாலு பெரியவர்கள் வந்து உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் வேறு யாருடையவையோ ஆகிவிடும். பலருக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு நாக்கு ஓடும். தப்பான திசையில் ஓடும். அதுதான் ஆபத்து.

வயல் என்னுடையது அல்ல, அக்காவுடையது. அத்தான் இறந்தபிறகு அக்காவுக்கு மிஞ்சியது கடைசி மடையில் ஏழு மரக்கால் விதைப்பாடு, அதாவது ஏழு மரக்கால் நெல் விதைக்கும் நிலம். சானல் எங்கள் ஊர் எல்லையில் நுழைந்து வளைந்து வளைந்து கடைசியில் அந்த வயலில்தான் முடியும். மேல்மடைகளில் எல்லோரும் குடித்து, குளித்து, தென்னைக்கும் பாய்ச்சியபிறகு மிச்சம் இருந்தால் அங்கே வரும். முந்தின வருஷம், மாசியில் அறுக்கும் கும்பப்பூப் பயிருக்குத் தண்ணீர் பாதியில் நின்றது. இந்த முறை கடைமடைக்கு முதலில் விட வேண்டும், இல்லையென்றால் நாட்களையாவது நிலக் கணக்குப்படி பிரிக்க வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. நியாயமான கோரிக்கை. மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன், நகலோடு.

அக்கா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எழுதினது போரும் தம்பி. அங்க எழும்பி நின்னு ரெண்டு வார்த்தை பேசணும். பேசுவியா?"

"எழுத்து மூலமும் குடுக்கலாம் அக்கா. விதியில இருக்கு."

"விதி கெடக்கட்டும். நீ பேசுவியா?"

"நீயே வந்து சொல்லேன்."

"நான் வந்தா, பொம்பளைக்கு என்ன கூட்டம்ணு கேப்பான். வீட்டில ஆம்பளை ஒருத்தன், அதுவும் பி.ஏ. படிச்சவன் இருக்கான்லா, அவன் பேசட்டும்."

கூட்டம் நான் பாடம் நடத்தும் ஓட்டுக் கொட்டகையில்தான் நடந்தது. பையன்களின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். என் மேசைக்குப் பின்னால் என் நாற்காலியில் நீர்ப்பாசன அதிகாரி. வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த மலையாளி. முன்பெஞ்சில் தலைமடைக்காரர். நாலு கோட்டை விதைப்பாடு, அக்கா வயலைப்போலப் பத்து மடங்குக்கு மேல், வைத்திருந்தவர், எங்கள் ஊர்க்காரர், சுத்தத் தமிழர். மொழியின் மேல் பழி போட்டு நான் தப்பிக்கப் போவதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் மனுவை நீட்டினேன். அதிகாரி வாங்கி, படிக்காமல், மேசையில் இருந்த என் டஸ்டரை எடுத்து அதன் மேல் வைத்தார். எழுதித் தந்தால் போதாது, சொல்ல இருப்பதை எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றார். "பறயூ" என்றார்.

விதியை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதைவிட மோசம், வாய் வந்தது. அதிகாரி மலையாளி ஆயிற்றே, மரியாதைக்கு மலையாளத்தில் சொல்வோம் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த மலையாள நோட்டீசில் 'ஆக்ஷேபம் உள்ளவர்' என்று இருந்தது. ஆக்ஷேபம் என்றால் ஆட்சேபம். அப்படியானால் ஆட்சேபிக்க என்பதற்கு ஆக்ஷேபிக்க. இலக்கணம் சரி. எழுந்து நின்று, உரக்கவே சொன்னேன்:

"ஞான் சாறினெ ஆக்ஷேபிக்கான் வந்நதாணு."

சர்க்கார் கச்சேரிக் காகிதத்தில் ஆக்ஷேபம் என்றால் ஆட்சேபம்தான். ஆனால் ஒரு மனிதனை ஆக்ஷேபிப்பது என்றால், மலையாளத்தில் அவனை அவமானப்படுத்துவது. இரண்டு மொழியும் தெரிந்த என் ஊரில் அது தெரியாதவன் அன்று நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ஐயா, உங்களை அவமானப்படுத்தத்தான் வந்திருக்கிறேன் என்று, கைகட்டி, குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொல்லியிருக்கிறேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "என்னெயோ? எந்நால் ஆக்ஷேபிச்சோளூ" என்றார். என்னையா, அப்படியானால் அவமானப்படுத்திக்கொள் என்று அர்த்தம்.

ஓடு பறக்கும்படி சிரித்தார்கள். தலைமடைக்காரர் அதிகாரியைக் காட்டித் தொடையில் தட்டினார். "சாரு ஆளு கொள்ளாமே! ஏமான ஏசதுக்குண்ணே குளிச்சு, குறி போட்டு வந்திருக்காரு!"

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பெஞ்சு மூன்றாம் வகுப்பு பெஞ்சு, முழங்கால் நெஞ்சில் இடித்தது. குமாஸ்தா குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை வாசித்தான்: "ஆக்ஷேபம் ஒந்நும் இல்ல." என் மூன்று பக்கமும் டஸ்டருக்கு அடியில் கிடந்தன.

தண்ணீர் தலைமடையிலிருந்து திறந்தார்கள். கடைமடையின் முறை வந்தபோது சானல் அடைக்கும் நாளும் வந்துவிட்டது. அக்கா நாற்றைப் பிடுங்கக்கூட இல்லை. மழை பொய்த்த ஐப்பசி வெயிலில் நாற்றங்காலிலேயே வெந்தது. ஒரு பிடி காய்ந்த நாற்றைக் கொண்டுவந்து, நான் நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் போட்டாள்.

"இதையும் சேத்து அனுப்பு. நகலு வேணும்ணா வயல்ல நெறையக் கெடக்கு."

பதில் முப்பது நாளில் வரவில்லை. அறுபதிலும் வரவில்லை. நான் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், பார்வை, பொருள், மேற்படி. எழுத்தில் நான் சூரன். எழுதும்போது என்னைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

ஊரில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. ஆக்ஷேப சார். சாயாக்கடையில் நுழைந்தால், "சாரே, இண்ணைக்கு ஆரை ஆக்ஷேபிக்கப் போறிய?" என்பார்கள். கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேச யாராவது என்னைக் கூப்பிட்டால், "அவரைக் கூப்பிடாதிங்கப்பா, மாப்பிள்ளைய ஆக்ஷேபிச்சிருவாரு" என்று பந்தியிலிருந்து குரல் வரும். பள்ளி ஆண்டுவிழாவில் நன்றி சொல்லும் வேலையைத் தலைமையாசிரியர் எனக்குப் போட்டார். எனக்குக் காய்ச்சல் வரப்போவதை விழாவுக்கு இரண்டு நாள் முன்பே அறிந்து, முறைப்படி விடுப்பு விண்ணப்பம் கொடுத்தேன். தலைமையாசிரியர் அதையும் மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார். அவருக்கும் நான் பேசாமல் இருப்பதே நிம்மதி.

கூட வேலை பார்த்த ஒரு வாத்தியார் வைத்தியம் சொன்னார். "எதிர்ல இருக்கவன எல்லாம் வாழைக்கண்ணுண்ணு நெனைச்சுக்கிடும். பின்ன என்ன பயம்?" வீட்டுப் புறவாசலில் இருந்த வாழைகளுக்கு முன் நின்று ஒரு மாதம் பேசிப் பார்த்தேன். வாழைகள் நன்றாகவே கேட்டன. ஆனால் வாழை சிரிக்காது. நான் பயந்தது கேட்பவனுக்கு அல்ல, சிரிப்பவனுக்கு. மனிதனை வாழையாக நினைக்கச் சொல்கிறவர் யாரும், அந்த வாழை வாயைத் திறந்து சிரித்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவதில்லை. இன்றைக்கு மேடைப்பேச்சுக்கு வகுப்பே நடத்துகிறார்கள். கண்ணாடி முன் நில், மூச்சை இழுத்து விடு, புன்னகை செய். செய்யட்டும். என் முழங்கால் ஆடாமல் நின்றது அப்படி அல்ல.

1951இல் மழை நன்றாகப் பெய்தது. சானலைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. 1952இல் மழை பொய்த்தது. புரட்டாசியில் மறுபடி நோட்டீஸ், அதே கொட்டகை, அதே அதிகாரி. அக்கா கடன் வாங்காத குறையாக விதைநெல் சேர்த்து நாற்று பாவியிருந்தாள். இந்தப் பயிரும் போனால் வயலைத் தலைமடைக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. அவர் அதற்கு ஆள்விட்டுக் கேட்டும் இருந்தார்.

"நீ பேசாட்டா பரவால்ல" என்றாள் அக்கா. "நான் வருகேன். சன்னலுக்கு வெளியே நிக்கேன். தொரத்தினா அங்கேருந்து கத்துகேன்."

இதைவிடக் கேவலமாக என்னை யாரும் ஏசியதில்லை.

கொட்டகையைத் திறந்து பெஞ்சு போடும் வேலை என்னுடையது. காலையிலேயே போனேன். சிறிது நேரத்தில் குமாஸ்தா வந்து, குறிப்புப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனான். புத்தகம் மேசையில் கிடந்தது. என் மேசை. எடுத்துப் பார்த்தேன்.

அன்றைய கூட்டத்தின் குறிப்பு முழுவதும் அதில் எழுதியாகிவிட்டது. கூட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தலைமடையிலிருந்து திறப்பது என்ற முறை விளக்கப்பட்டதாம். வந்திருந்த முப்பத்தொரு பேரும் ஒரே மனதாகச் சம்மதித்தார்களாம். ஆக்ஷேபம் ஒந்நும் இல்ல. கீழே முப்பத்தொரு பெயர், எதிரே கையெழுத்துகள்.

பெயர்களைப் பார்த்தேன். போன மாசியில் இறந்துபோன ஒருவர் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். உயிரோடிருந்தவரை கைநாட்டு வைத்தவர், செத்தபிறகு எழுதக் கற்றிருக்கிறார். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப்போய் ஒரு வருஷமாக ஊர்ப்பக்கம் வராதவரும் வந்து போட்டிருந்தார். என் பெயர் இல்லை. கடைசிப் பெயர் அக்காவுடையது. அதற்கு எதிரே ஒரு பெருவிரல் மை.

அக்கா ஐந்தாம் வகுப்பு படித்தவள். முழுப்பெயரும், இனிஷியலும், கீழே ஒரு கோடும் போட்டுக் கையெழுத்திடுவாள். அந்தக் கோட்டைப் போடாமல் அவள் எந்தக் காகிதத்தையும் கையைவிட்டு விட்டதில்லை. அவளை ஒரு பெருவிரலாக்கி வைத்திருந்தார்கள். யாருடைய விரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது வந்தது தைரியம் அல்ல. தைரியத்தைப் பற்றி நல்லவிதமாக எழுதுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். வயிற்றிலிருந்து காது வரை ஏறிய வெறும் கோபம். இரண்டு வருஷமாக, பேசத் தெரியாததால்தான் நாற்று வெந்தது என்று என்னையே தின்றுகொண்டிருந்தேன். 1950இல் நான் தேவகானம் பாடியிருந்தாலும் புத்தகத்தில் இதுதான் எழுதியிருக்கும்.

குமாஸ்தா திரும்பி வந்தபோது புத்தகம் என் கையில் இருந்தது. கேட்டான். வருகைப் பதிவேட்டோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு, அதிகாரி வரட்டும் என்றேன்.

பெஞ்சுகள் நிறைந்தன. அதிகாரி முறையை அறிவித்தார். அறிவித்துவிட்டு, நேரே என்னைப் பார்த்து, மெல்லச் சிரித்துக்கொண்டே, "ஆக்ஷேபம் வல்லதும் உண்டோ, மாஷே?" என்று கேட்டார். ஏதாவது ஆட்சேபம் உண்டா, வாத்தியாரே. சிரிப்பு அலை அலையாக எழுந்தது.

நான் எழுந்தேன். முழங்கால் ஆடியது. ஆடட்டும். ஆடுகிற முழங்காலோடும் நிற்கலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் என்ன சொல்வது? நாலு பெரியவர்களுக்கு முன் நான் சொல்லிப் பழகிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அந்த அறையில், அந்த இடத்தில் நின்று, நான் நாள் தவறாமல் உரக்கச் செய்துவந்த காரியம் ஒன்றுதான். புத்தகத்தைப் பிரித்து, முதல் பெயரைக் கூப்பிட்டேன். பையன்களைக் கூப்பிடுகிற அதே குரலில்.

இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு கிழவர், தன்னை அறியாமல், எழுந்து நின்று, "ஆஜர்" என்றார்.

இரண்டாம் பெயர். "ஆஜர்." மூன்றாவது. "ஆஜர் சார்." அவர்களில் பாதிப்பேர் அதே கொட்டகையில் படித்தவர்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து ஆஜர் சொல்லாதவனுக்குப் பிரம்பு என்பது உடம்பில் ஏறிய பாடம். சிரிக்கத்தான் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு என் மேல் இல்லை. ஏழாவது பெயர் வரும்போது என் முழங்கால் ஆடுவதை நிறுத்தியிருந்தது.

பதினொன்றாவது பெயர் இறந்தவருடையது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"சாரே, அவரு போன மாசியில போயிட்டாருல்லா?" என்றது ஒரு குரல்.

"இண்ணைக்கு வந்து ஒப்பு போட்டிருக்காரே" என்றேன்.

சிரிப்பு அங்கே நின்றது.

"ஆ புஸ்தகம் இங்ஙோட்டு தரூ" என்று அதிகாரி கை நீட்டினார்.

"தருகேன் ஏமானே. பேர் வாசிச்சு முடிச்சிட்டுத் தருகேன்." தமிழில்தான் சொன்னேன். அதன்பின் வேறு மொழியில் ஒரு சொல்லும் பேசவில்லை.

தலைமடைக்காரர் எழுந்தார். "சாரே, இதென்ன பள்ளிக்கூடமா?"

"பள்ளிக்கூடந்தான். நீரு இருக்கது மூணாங்கிளாஸ் பெஞ்சு. உம்ம பேரு வரும்போ எழும்பும், இப்போ இரியும்."

அவரை நான் 'நீரு' என்றது அன்றுதான் முதல் தடவை. ஊரில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்தார். கோபத்தில் அல்ல, பழக்கத்தில் உட்கார்ந்தார் என்றே நினைக்கிறேன்.

கீரிப்பாறைக்காரர் பெயருக்கும் பதில் இல்லை. இன்னும் நாலு பெயருக்கு, "நான் ஆஜர், ஆனா ஒப்பு ஒண்ணும் போடல்லியே" என்று பதில் வந்தது. முப்பத்தொன்றாவதாக அக்காவின் பெயரைக் கூப்பிட்டேன்.

"ஆஜர்!" என்றாள் சன்னலுக்கு வெளியிலிருந்து. "அந்த விரலு எனக்குள்ளது இல்ல. விரலுக்குடையவன் ஆருண்ணாலும் வந்து எடுத்துக்கிட்டுப் போவட்டும்!"

அதன்பிறகு நான் கால் மணி நேரம் பேசினேன் என்று சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது மூன்று விஷயம்தான். நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதக் கூடாது என்ற விதியைச் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தின் தாள்களுக்கு எண் போட்டு முத்திரை வைத்திருப்பதால், இந்தத் தாளைக் கிழித்தால் கிழித்ததும் பதிவாகும் என்று சொன்னேன். ஆகவே இதை ரத்து என்று எழுதி, அடுத்த தாளில் என் ஆட்சேபத்தை நான் பார்க்க எழுத வேண்டும் என்றேன். அதிகாரி என் வாதத்துக்கு மசிந்தாரா? இல்லை. தாளின் எண்ணுக்கு மசிந்தார். செத்தவர் ஒப்பு மேலிடத்துக்குப் போனால் யார் வேலை போகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குமாஸ்தா எழுதினான். அந்தப் பயிருக்குக் கடைமடைக்கு முதல் எட்டு நாள். நான் வாசித்துப் பார்த்தபிறகு, அக்கா உள்ளே வந்து, முழுப்பெயரும் எழுதி, கீழே கோடு போட்டாள்.

வெளியே வரும்போது இரண்டு பேர் என் தோளில் தட்டினார்கள். போன முறை ஓடு பறக்கச் சிரித்த அதே ஆட்கள். "சாரு கொள்ளாமே!" என்று மெச்சினார்கள். அன்று எனக்கு அவர்கள் மேல் இருந்த வெறுப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை. அவர்களுக்கும் கடைமடையில் வயல் இருந்தது. 1950இல் அவர்கள் நாற்றும்தான் வெந்தது. சிரித்துக்கொண்டே அதைப் பார்த்திருந்தார்கள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு என்ன தடை? மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் நாள் அக்காவின் வயலில் தண்ணீர் ஏறியது. வரப்பில் நின்று பார்த்தோம். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இந்தப் பேரு வாசிக்கதை ரெண்டு வருசம் முன்ன வாசிச்சிருந்தா, அந்த நாத்தும் பொழைச்சிருக்கும்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு நான் பேசாத கூட்டம் இல்லை. முழங்கால் இன்றும் ஆடும். எழுந்து, எதிரே இருக்கும் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். வாத்தியார் சங்கத்தில், நூலகக் குழுவில், வில்லேஜ் ஆபீஸ் வாசலில், எங்கும் பேசினேன். 'இவன் வந்தால் கூட்டம் முடியாது' என்று என்னைத் தவிர்த்தார்கள். அதுவும் ஒரு தேர்ச்சிதான்.

ஆனால் 1950ஆம் வருஷத்து மனுவை நான் விடவில்லை. அதற்குப் பதில் பாக்கி. வருஷத்துக்கு இரண்டு நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்கே எரிச்சல் வந்துவிட்டது. "வெந்த நாத்துக்கு இனி என்ன பதிலு? சவத்த விடு தம்பி" என்றாள். நான் விடவில்லை. 1956இல் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்வது உறுதியானதும், கச்சேரிகளில் அலமாரிகளைக் காலி செய்யத் தொடங்கினார்கள். தொடாத கட்டுகளை எல்லாம் தொட்டார்கள். கைமாறுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே நாலே வரி. மேற்படி மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் கூட்டத்தில் நேரில் இருந்தும் வாய்மொழியாக எதையும் தெரிவிக்காததால், ஆட்சேபம் இல்லை என்று கருதி மனு முடிக்கப்படுகிறது. கீழே வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. கவரின் மேல் எங்கள் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை, 29 அக்டோபர் 1956.